பெயர் தவறிய போதகர்

தாம் தவறு செய்ததே போதகருக்குத் தெரியவில்லை. பிற்பாடு அவரை அதிகமாகப் பயமுறுத்தியது அதுதான்.

அன்று ஒரு பஸ் டிரைவரின் அடக்கம். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டுப் படி இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு சொல்லவேண்டிய ஜெபத்தைப் போதகர் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிப் பழகியது. புத்தகத்தை விரித்து வைத்திருந்தாரே தவிர பார்க்கவில்லை. இறந்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு பெயரைச் சொன்னார். சற்றுத் தள்ளி இன்னொரு முறையும் சொன்னார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். ஆமென் என்றார். கூட்டத்திலிருந்து பதில் ஆமென் சரியாக எழவில்லை. யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வெளிவாசலில் சபைச் செயலர் அவரைப் பிடித்து நிறுத்தினார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான்.

"பாஸ்டர், இப்ப யார் பேரை வாசிச்சீங்க?"

"இது என்ன கேள்வி? டிரைவர் பேரைத்தான்."

"இல்ல. அவர் தம்பி பேரை வாசிச்சீங்க. டயர்க்கடைக்காரர் பேரை. ரெண்டு தடவை."

போதகர் சிரிக்கப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கிற ஆள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தார். குழிமேட்டில் டயர்க்கடைக்காரர் நின்றிருந்தார். வாட்டசாட்டமான ஆள், லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுகிறவர். அவர் தன் அண்ணனைப் புதைத்த மண்ணைப் பார்க்கவில்லை. போதகரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் எப்படிப் போயிருந்தது என்று போதகரின் மனைவிக்குத்தான் தெரியும். அவர் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். உதவிப் போதகர் மாற்றலாகிப் போனபின் திருச்சபை மேலிடம் வேறு ஆளை அனுப்பவே இல்லை. பெரிய சபை, ஒற்றை ஆள். திங்கட்கிழமை போதகர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மறுநாள், பிரிந்துபோவதாகச் சொன்ன கணவன் மனைவியை நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்தார். இருவரும் சமாதானமாகி, சேர்ந்து இவர்மேல் கோபப்பட்டுப் போனார்கள். அதற்கடுத்து ஒரு அடக்கம், கூரை ஒழுகுகிறதென்று ஒரு கூட்டம், வேலை போன ஒருவன் பாலத்தில் நின்றுகொண்டு போன் செய்து, இவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தது. போன் அடித்தால் போதகரின் இடது தோள் லேசாகத் துள்ளும். அவர் மறைத்துக்கொள்வார். மனைவி பார்த்துவிடுவார்.

மறுநாள் காலையே டயர்க்கடைக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாஸ்டர், மன்னிச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் பேரை வாசிச்சீங்களே, நீங்களா வாசிச்சீங்களா, இல்ல… உங்க வாயில வந்துச்சா?"

"அட, வாய் தவறிப்போச்சு தம்பி. ரொம்ப வருத்தப்படறேன். அசதி, அவ்வளவுதான்."

"ரெண்டு தடவையா தவறும்?"

போதகர் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். பேச்சை மாற்றுவதை எதிரில் இருந்தவர் கண்டுகொண்டார். தலையில் கை வைத்து ஜெபிக்கும்படி கேட்டார். போதகர் எழுந்து கையை வைத்தார். ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லவேண்டிய இடம் வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இந்த மகனை" என்று சொல்லிச் சமாளித்தார். கைக்கடியில் அந்தப் பெரிய தலை நடுங்குவது அவருக்குத் தெரிந்தது. நடுங்குவது தலையா தன் கையா என்பதுதான் தெரியவில்லை.

இப்படியெல்லாம் சகுனம் பார்ப்பது தவறென்று பீடத்தில் நின்று எத்தனையோ முறை பேசியவர்தான். அறிவு அதைத்தான் சொன்னது. பயம் அறிவின் பேச்சைக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, சுற்றுவழியில் டயர்க்கடைத் தெரு வழியாகப் போனார். கடை திறந்திருந்தது. காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று திரும்பினார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் கடைக்காரர் ரோட்டுக்கே ஓடிவந்துவிட்டார்.

"பாஸ்டர், தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க. நீங்க வந்து எட்டிப் பாக்குறப்பெல்லாம், இன்னும் இருக்கேனான்னு பாக்க வர்ற மாதிரி இருக்கு."

"சேச்சே, பால் வாங்க…"

"பால்கடை அந்தக் கோடியில இருக்கு."

இரண்டு பேரும் நடுரோட்டில் நின்றார்கள். ஒருவர் பயம் இன்னொருவர் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. டயர்க்கடைக்காரர் இப்போதெல்லாம் ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் போவதில்லை என்று அவர் மனைவி மருந்துக்கடைக்கு வந்து போதகரின் மனைவியிடம் சொன்னாள். மோட்டார் சைக்கிளைத் தொடுவதில்லை. சாப்பிடும்போது நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். "அண்ணனுக்கும் இப்படித்தானே வந்துச்சுங்கிறாரு. நான் என்னக்கா பண்றது?" என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போதகர் அதன்பின் வாயை நம்பவில்லை. மேடை ஏறுமுன் மனைவியை அழைத்து, சொல்லவேண்டிய பெயர்களைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒப்பித்துக் காட்டினார். நோயாளிகளுக்கான ஜெபத்தில் பெயர்களையே விட்டுவிட்டார். அதற்கும் சபையார் வருத்தப்பட்டார்கள்: "எங்க அம்மா பேரை இந்த வாரம் சொல்லவே இல்லையே பாஸ்டர், ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா?"

ஒரு மாதம் கழித்து ஞாயிறு ஆராதனையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை அதன் தாய் போதகரின் கையில் கொடுத்தாள். இடது கையில் ஏந்தி, வலது கையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்கவேண்டும். கேட்கவில்லை. அவர் கண் திறந்திருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் ஆள் அங்கே இல்லை. இடது கை மெல்லத் தாழ்ந்தது. பிள்ளையின் தலை தொட்டியின் கல் விளிம்பை நோக்கிச் சரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சத்தம் போட்டால் பயந்து கீழே போட்டுவிடுவாரோ என்று யாரும் சத்தம் போடவில்லை. தாய்தான் பாய்ந்தாள். பிள்ளையைப் பிடுங்கினாள். அது வீறிட்டு அழுத பிறகே போதகர் திடுக்கிட்டு, காலியான தன் கையைப் பார்த்தார்.

"எங்க… குழந்தை எங்க?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டவர்கள் அதைச் சீக்கிரம் மறக்கவில்லை. அவர் பீடத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். போதகரின் பல் தம்ளரில் பட்டுப்பட்டு டக்டக்கென்று கேட்டது.

டாக்டர் தலையைப் படமெடுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். கட்டி இல்லை, அடைப்பு இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?"

"போன வருஷம் ஒரு வாரம் எடுத்தேனே."

"அது உங்க அப்பா அடக்கத்துக்குப் போனது. அங்கயும் நீங்கதான் ஆராதனை நடத்துனீங்க" என்றார் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க வாராவாரம் பார்க்கிற சாவுல பாதி நான் பார்த்தா, எனக்கு ஆள் மாத்தி விடுவாங்க. உங்களை யார் மாத்தி விடறது? இதே நிலையில கார் ஓட்டாதீங்க. குழந்தையையும் தூக்காதீங்க. ரெண்டு மூணு மாசம் எல்லாத்தையும் நிறுத்துங்க. இல்லேன்னா உடம்பே நிறுத்திடும்."

ஓய்வுக்கால விடுப்பு என்று மேலிடத்து விதிகளில் ஒன்று இருக்கத்தான் செய்தது. இத்தனை வருஷம் ஊழியம் செய்தவருக்கு மூன்று மாதம் தரலாம். ஆனால் யாரும் கேட்டதில்லை. கேட்பது ஏதோ விசுவாசக் குறைச்சல் போல எல்லாரும் இருந்துவிட்டார்கள். மனைவிதான் கேட்டார். சபைக் கமிட்டி கூடியது.

"நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு நாள் மெடிக்கல் லீவு போட்டதில்ல" என்று ஆரம்பித்தார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"உங்களுக்கு வாராந்திர ஓய்வுன்னு ஒரு நாள் உண்டுல்ல சார்? இவருக்கு அதுவும் கிடையாது" என்றார் போதகரின் மனைவி. "ஏழாம் நாள் ஓய்வைப் பத்தி வருஷா வருஷம் பிரசங்கம் பண்றார். பண்ணிட்டு அன்னிக்கே மூணு வீட்டுக்கு ஓடறார்."

நடுவில் போதகரே எழுந்து, தமக்கு ஒன்றும் இல்லை, நாலு நாள் நன்றாகத் தூங்கினால் போதும் என்றார். அவருக்கு உள்ளூர வேறு பயம். மூன்று மாதம் இல்லாமல் போனால், தாம் இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால்? அல்லது திரும்பி வரவே மனம் இல்லாமல் போய்விட்டால்? இரண்டில் எது மோசம் என்று அவருக்கே புரியவில்லை.

அப்போது கதவருகே ஒரு கனைப்பு. டயர்க்கடைக்காரர். கமிட்டியில் அவர் இல்லை. அனுமதி கேட்டு உள்ளே வந்தார். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். எனக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாச்சு. என் பேரை அன்னிக்கு வாசிச்சது யாருன்னு எனக்குத் தெரியணும். மேல இருக்கிறவரா, இல்ல தூக்கமில்லாத ஒரு மனுஷனா? இவர் அசதின்னு சொல்றார். ஆனா அசதியிலேயே உக்காந்துகிட்டு சொல்றாரு, அதை எப்படி நம்புறது? இவரை அனுப்புங்க. நல்லாத் தூங்கி எழுந்து, தெளிவான கண்ணோட வந்து என்கிட்ட சொல்லட்டும். அப்ப நம்புறேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கோங்க, மூணு மாசம்" என்றார்.

போதகரின் அக்கா வேறொரு ஊரில் அத்தானோடு சேர்ந்து ஒரு சலவை நிலையம் நடத்தினாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். பெரிய இயந்திரங்கள், ஆவி, சலவைச் சோடாவின் நெடி, மாடி முழுக்கக் கொடிகள். போதகரை "டேய்" என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான்.

"டேய், இங்க யாருக்கும் நீ பாஸ்டர்னு சொல்லல. சொல்லவும் போறதில்ல. தின்னு, தூங்கு. முடிஞ்சா துணி மடி."

மனைவி போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அவரும் ஒரு மாதம் விடுப்பு எடுத்துக் கூடவே இருந்தார்.

ஓய்வு சுகமாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதல் வாரங்கள் நரகமாக இருந்தன. இத்தனை நாள் ஓடின ஓட்டத்தில் பின்தங்கியிருந்த பயமெல்லாம், அவர் நின்றதும் மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வியர்த்து எழுந்து அங்கியைத் தேடினார். பாலத்தில் நின்றவன் மறுபடி போயிருப்பானோ என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டார். டயர்க்கடைக்காரரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அவர் கேட்காததே மனைவியை வதைத்தது.

ஒரு மத்தியானம் இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். முனையோடு முனை சேர்க்க அவர் அருகே வந்தார்.

"எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. வாயைத் திறந்தா யார் பேராவது வந்துருமோன்னு இருக்கு. உன் பேரு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

இதைச் சொன்னபோது அவர் முகம் சிறு பிள்ளையின் முகமாக இருந்தது. மனைவி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"அப்ப வாயைத் திறக்காதீங்க. உங்களுக்காக ஊரே ஜெபிக்குது. நீங்க கொஞ்ச நாள் சும்மா இருங்க. இந்தாங்க, அந்த முனையைப் பிடிங்க."

சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு வெகுநாள் பிடித்தது. அந்த ஊரில் தம்மை யாருக்கும் தெரியாத ஒரு ஆலயத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்த போதகர் சுமாராகத்தான் பேசினார். கேட்டுக்கொண்டே இவர் தூங்கிப்போனார். யாரோ தோளைத் தொட்டு, "பெரியவரே, எல்லாரும் போயாச்சு, கதவைப் பூட்டணும்" என்றார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே வந்து அக்காவிடம் சொன்னார். "நீ பேசினப்ப எத்தனை பேர் தூங்கியிருப்பாங்க, ஒரு நாள் நீ தூங்கினா என்ன?" என்றாள். அன்று அவர் சிரித்தார். மனைவி அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, காரணமில்லாமல் அழுதார்.

கை வேலையில் பழகியது. தூக்கம் நீண்டது. இரண்டாவது மாதம், மனைவி வேலைக்குத் திரும்பிப் போயிருந்த சமயம், அக்காவுக்கு ஒரு போன் வந்தது. மனைவிதான். அக்கா இயந்திரங்களின் சத்தத்தில் கேட்காமல் வெளியே போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகமே சொல்லிவிட்டது.

"யாருக்கு?" என்றார் போதகர்.

"டேய், முதல்ல உக்காரு."

"அக்கா, யாருக்கு?"

"அந்த டயர்க்கடை ஆளை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். நெஞ்சு வலி."

போதகர் உடனே கிளம்புகிறேன் என்று செருப்பைத் தேடினார். ஒரு செருப்புத்தான் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு மறுகால் வெறுங்காலாகவே வாசல்வரை போய்விட்டார். அக்கா குறுக்கே நின்றாள்.

"போய் என்ன பண்ணுவ? படுத்திருக்கிறவன் கண்ணைத் திறந்து பாக்குறான், எதிர்ல நீ நிக்கிற. என்ன நினைப்பான்? அந்தப் பயத்திலேயே போயிருவான்."

அது உண்மை. அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்த நேரத்தில்தான், இத்தனை வாரம் தூங்கித் தெளிந்த மூளை, அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தானாகவே எடுத்து விரித்தது. அன்று காலை முழுக்க யாரோடு பேசினார்? டயர்க்கடைக்காரரோடு. பெட்டி எப்போது வரும், குழி தயாரா, வண்டி ஏற்பாடாகிவிட்டதா என்று மாறி மாறிப் போன். ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ஜெபம் சொன்னபோது குழியின் மறுபக்கம் நேர் எதிரே நின்றதும் அவர்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகம். தூங்காத கண் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தது. காலையிலிருந்து வாயில் இருந்த பெயர் வந்துவிட்டது. இரண்டு முறையும் நிமிர்ந்து பார்த்தார், இரண்டு முறையும் அதே முகம்.

இவ்வளவுதானா என்று அவருக்கு இருந்தது. இவ்வளவுதான்.

சாயங்காலம் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார். சோதனையெல்லாம் பார்த்துவிட்டார்களாம். இதயம் குதிரை மாதிரி இருக்கிறதாம். சரியாகச் சாப்பிடாமல் வயிற்றைப் புண்ணாக்கி வைத்திருக்கிறாராம், வலி அங்கிருந்து. போதகர் போனை டயர்க்கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னார்.

"தம்பி, நான் நல்லாத் தூங்கி எழுந்துட்டேன். இப்ப சொல்றேன், கேளுங்க" என்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அப்ப நான் பின்னாடி வரிசையில நின்னிருந்தா?"

"ஸ்டேஷன் மாஸ்டர் பேரை வாசிச்சிருப்பேனோ என்னவோ."

டயர்க்கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அண்ணன் செத்த துக்கத்தை அவர் இதுவரை அழவே இல்லை. தன் சாவுக்குப் பயந்ததில் அதற்கு நேரமில்லாமல் போயிருந்தது. இப்போதுதான் அழுதார். போதகர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இயந்திரங்கள் நின்றபின் கூடம் அமைதியாக இருந்தது.

மீதி விடுப்பையும் அவர் முழுசாக எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது சில குடும்பங்கள் வேறு ஆலயத்துக்குப் போயிருந்தன. அது வலித்தது. ஆஸ்பத்திரி வருகையை நாலைந்து பேர் முறை வைத்துச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதுவும் முதலில் கொஞ்சம் வலித்தது, பிறகு ஆறுதலாக இருந்தது. திங்கட்கிழமை போதகரைத் தேடி யாரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டவர் ஸ்டேஷன் மாஸ்டர். அதை அவர் ரயில் நேரம் மாதிரி காத்தார். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கைக்குழந்தையை வாங்கும்போதெல்லாம் இன்னும் அவர் முதலில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்.

சில மாதங்கள் கழித்துப் பக்கத்து ஊர்ப் போதகர் ஒருவர் போன் செய்தார். இவரைவிட வயதில் இளையவர். மழையைப் பற்றிப் பேசினார், கூரையைப் பற்றிப் பேசினார். கடைசியில், "அண்ணே, அந்த விடுப்பு… அதை எப்படிக் கேட்டீங்க? எனக்கில்ல, சும்மாதான் கேக்கறேன்" என்றார்.

அந்தச் "சும்மா"வுக்கு அடியில் இருந்தது என்னவென்று இவருக்குத் தெரியும்.

"நாளைக்கு வந்து பாக்கட்டுமா?"

"நாளைக்கா? ஐயோ வேண்டாண்ணே, நாளைக்கு எனக்கு ரெண்டு அடக்கம், ஒரு நிச்சயதார்த்தம், அப்புறம்…"

"அப்ப இன்னிக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் கார்ச் சாவியைக் கேட்டார் போதகர்.